தண்ணியைப் பற்றி ஒரு பெரிய படிப்பு

"நான் மேலே படிக்கப் போறேம்மா" என்று என் மூத்த பெண் சொன்னபோது நான் அடுப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்து கொண்டிருந்தேன். நர்ஸிங் முடித்து மூன்று வருஷமாக ஓர் ஆஸ்பத்திரியில், அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். வயது 25. இரண்டு ஜாதகம் வந்து, பொருத்தமும் பார்த்தாகி விட்டது. இந்த நேரத்தில் மேல்படிப்பா?

"எதைப் பத்திப் படிக்கப் போற?"

"தண்ணியில முழுகிச் சாவறாங்களே, அதைத் தடுக்கறதைப் பத்தி."

திண்ணையிலிருந்து என் மாமியார், "இன்னாடி இது, விளக்கு வெக்கற நேரத்துல! போனவன் போயிட்டான். அதுல படிக்கறதுக்கு இன்னா இருக்குது?" என்று குரல் கொடுத்தார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து கொல்லைப்புறம் போய் விட்டேன். ஏன் போனேன் என்பது அவளுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும்.

நான் பிறந்தது பாகூர் பக்கம் ஒரு கிராமம். வாழ்க்கைப்பட்டது வில்லியனூர் பக்கம். இரண்டுமே தண்ணீர் ஊர்கள்தான். அங்கே பாகூர் ஏரி. தென்பெண்ணைத் தண்ணீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக அதற்கு வந்து சேர்கிறது. இங்கே ஊசுட்டேரி, சங்கராபரணி ஆறு, ஆற்றில் படுகை அணைகள். இதெல்லாம் பெரிய தண்ணீர். சின்னத் தண்ணீருக்குக் கணக்கே கிடையாது. வீட்டுக்கு வீடு குட்டை, கிணறு, செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளம், இப்போது புது வீடுகளில் தரைக்குக் கீழே கட்டும் தொட்டி.

1990-ல் எனக்கு 11 வயது. தம்பிக்கு நாலு. அம்மா நடவுக்குப் போயிருந்தாள். அப்பா கடலூர் போயிருந்தார். "தம்பியைப் பாத்துக்கடி" என்று சொல்லி விட்டுத்தான் போனாள். நான் உலையைப் பார்த்தேன், ஆட்டைக் கட்டினேன், குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனேன். திரும்பி வந்தபோது தம்பி இல்லை. வீட்டுக்குப் பின்னால், சத்தம் போட்டால் கேட்கிற தூரத்தில் குட்டை. ஊர்ப் பெரியவர்கள் அவனைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றினார்கள், வயிற்றை அழுத்தினார்கள், தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். அன்றைக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று எத்தனையோ ராத்திரி நினைத்திருக்கிறேன்.

பெண் விடவில்லை. ஒரு மாதம் போல, வேலைக்குப் போய் வந்து சாப்பிட்ட பிறகு எனக்குப் பாடம் நடத்தினாள். பத்தாவதோடு நின்றவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். புரிந்ததை உங்களுக்கும் சொல்கிறேன், சகோதரிகளே.

2021-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் ஏறக்குறைய நாலில் ஒருவர் ஐந்து வயது ஆகாத குழந்தை. பத்தில் ஒன்பது பேர் நம்மைப் போன்ற ஏழை, நடுத்தர நாடுகளைச் சேர்ந்தவர்கள். இந்தியாவில் போலீஸ் கணக்கில் வருவது மட்டுமே வருஷத்துக்கு 35 ஆயிரத்துக்கும் மேல். கணக்கில் வராதது எவ்வளவு? என் தம்பிக்கு ஏது போலீஸ், ஏது ஆஸ்பத்திரி? அன்று சாயங்காலமே எல்லாம் முடிந்து விட்டது.

அந்த இடத்தில்தான் ஆராய்ச்சி ஆரம்பிக்கிறது என்றாள் பெண்.

மேற்கு வங்காளத்தில் சுந்தரவனம் இருக்கிறதே, அங்கே 2019-ல் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. ஜார்ஜ் இன்ஸ்டிடியூட் என்கிற ஆராய்ச்சி நிறுவனமும், 'சினி' என்ற கொல்கத்தா தொண்டு நிறுவனமும் சேர்ந்து செய்தார்கள். அரசாங்கக் காகிதத்தை மட்டும் நம்பாமல் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, ஜனங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "உங்க ஊர்ல எந்தக் குழந்தை தண்ணியில போச்சு?" என்று கேட்டார்கள். பிறகு அந்தந்த வீட்டுக்கே போய் விசாரித்தார்கள். ஒன்றிலிருந்து நாலு வயதுக் குழந்தைகளில் லட்சத்துக்கு 240-க்கும் மேல் என்று கணக்கு வந்தது. பெரும்பாலும் வீட்டுக்குப் பக்கத்துக் குட்டையில். தாய் வீட்டு வேலையில் இருக்கும் நேரத்தில். எடுத்த பிறகு குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றியது உட்பட எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த விஷயத்தையே எடுத்துக்கொண்டு மேதாவி குப்தா என்ற பெண், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்தார்.

தலைக்கு மேல் தூக்கிச் சுற்றுவது என்று அவள் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. வங்காளத்துக்கும் பாகூருக்கும் எத்தனை தூரம்! அதே குட்டை, அதே நேரம், அதே சுற்றல்.

பங்களாதேஷ் இன்னும் முன்னால் போய் விட்டது. அங்கே காலை 9 மணியிலிருந்து மதியம் 1 மணிக்குள்தான் நிறையக் குழந்தைகள் போகிறார்கள் என்று ஆராய்ச்சியில் கண்டுபிடித்தார்கள். சமையல், துணி துவைப்பு, வயல் வேலை, எல்லாம் தாய்மார்களுக்கு அந்த நேரத்தில்தானே? ஆகவே அந்த நாலு மணி நேரமும் குழந்தைகளை ஊரிலேயே ஒரு பெண்மணி வீட்டில் வைத்துப் பார்த்துக் கொள்ள 'ஆஞ்சல்' என்று மையங்கள் திறந்தார்கள். ஆஞ்சல் என்றால் புடவை முந்தானை! பெயரைக் கேட்டதுமே எனக்குப் பிடித்து விட்டது. பெரிய பிள்ளைகளுக்கு ஊர்க் குளத்திலேயே மூங்கில் தட்டி கட்டி நீச்சல் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தால், மையத்துக்கு வந்த சிறு குழந்தைகளிடையே மூழ்கிச் சாவது 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. நீச்சல் கற்ற பிள்ளைகளிடையே 90 சதவீதத்துக்கும் மேல். 2012-ல் அந்தக் கணக்கு வெளிவந்தது. 2022-ல் அந்நாட்டு அரசாங்கமே 8,000 மையங்கள் நடத்த ஒப்புதல் கொடுத்தது.

"கணக்கு இல்லாம கேட்டிருந்தா யாரும் காசு குடுத்திருக்க மாட்டாங்கம்மா. ஆராய்ச்சின்னா அதுதான்" என்றாள்.

நம் பக்கமும் இதை யோசித்தவர்கள் இல்லாமல் இல்லை. வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் குழந்தைகள் மூழ்கி இறப்பதைப் பற்றி ஆராய்ந்து 2000-த்திலேயே எழுதியிருக்கிறார்கள். நம் மத்திய சுகாதார அமைச்சகம் 2023 டிசம்பரில், மூழ்கிச் சாவதைத் தடுப்பதற்கென்று ஒரு திட்ட வரைவே வெளியிட்டது. ஐக்கிய நாடுகள் சபை 2021-ல் ஜூலை 25-ஐ இதற்கான உலக நாளாக அறிவித்தது. எத்தனையோ 'தினம்' வருகிறது, போகிறது. இது ஒன்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

சரி, குட்டை போகட்டும், கடல்? புதுச்சேரி என்றாலே வெளியூர்க்காரர்களுக்குக் கடற்கரைதான். சின்ன வீராம்பட்டினம் ஈடன் கடற்கரைக்கு 2021-ல் நீலக்கொடி கிடைத்தது. அந்தக் கொடி வாங்க வேண்டுமானால் சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது. உயிர்காப்பாளர்கள், முதலுதவி எல்லாம் வேண்டும். ஆனால் நீளமான கரையில் கொடி இருக்கிற இடம் கொஞ்சம், இல்லாத இடம்தான் அதிகம்.

கடலில் இழுப்பு ஓட்டம் என்று ஒன்று உண்டு. கரைக்கு வந்த அலைத் தண்ணீர் திரும்பிப் போக ஒரு குறுகலான வழி பிடித்து, ஆறு மாதிரி வேகமாக உள்ளே ஓடும். வேடிக்கை என்னவென்றால், அந்த இடத்தில் அலை உடையாது. பார்ப்பதற்கு அமைதியாக, கொஞ்சம் கறுப்பாகத் தெரியும். "இங்கதான் அலை இல்ல, குழந்தையை இங்க இறக்கு" என்று நாம் அங்கேதான் போவோம்! மீனவர்கள் நீவாடு பார்த்தே தொழில் செய்கிறவர்கள். ஒரு பார்வையில் சொல்லி விடுவார்கள். நாம் அவர்களைக் கேட்பதில்லை.

சிட்னியில், அதே நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில், கடற்கரைப் பாதுகாப்புக்கென்றே ஓர் ஆராய்ச்சிக் குழு இருக்கிறது. அதைச் சேர்ந்த ராப் பிராண்டர் என்ற பேராசிரியர், தீங்கில்லாத ஊதாச் சாயத்தைக் கடலில் ஊற்றி, இழுப்பு எங்கே எப்படிப் போகிறது என்று ஜனங்கள் கண்ணாலேயே பார்க்கும்படி செய்தவர். இழுப்பில் சிக்கினால் கரைக்கு இணையாக நீந்து என்றுதான் வெகுகாலமாகச் சொல்லி வந்தார்கள். பிறகு மிதவைகளை விட்டு ஆராய்ந்ததில், பல இடங்களில் ஓட்டம் நேரே நடுக்கடலுக்குப் போகாமல் சுற்றிக்கொண்டு திரும்பக் கரைப்பக்கமே வருகிறது என்று தெரிந்தது. அப்படியானால் நீந்துவதா, மிதப்பதா? இதற்கே பல வருஷம் விவாதம் நடந்தது. பதறாதே, எதிர்த்து நீந்திக் களைத்துப் போகாதே, மிதந்தபடி கையைத் தூக்கி உதவி கேள் என்பதை முதலில் சொல்கிறார்கள் இப்போது.

"அதெல்லாம் நீச்சல் தெரிஞ்சவங்களுக்கு. நம்ம ஊர்ல புடவையோட, சுடிதாரோட முழங்கால் அளவு நிக்கறவங்கதானே போறாங்க? அவங்களுக்கு இன்னா சொல்றது? அதை யார்னா ஆராயணும் இல்ல?" என்று கேட்டாள். நியாயமாகத்தான் பட்டது. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போனார்களே, அன்றைக்குக் கடல் பொங்கும் என்று எச்சரிக்கை இருந்தது. வானம் தெளிவாக இருக்கும்போதே எங்கோ தூரத்தில் அடித்த புயலின் அலை வந்து ஏறும், 'கள்ளக்கடல்' என்பார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் இதைக் கணித்து முன்கூட்டியே அறிவிக்கிறது. அறிவிப்பு ஏன் கரையில் நிற்கிறவன் காதுக்குப் போய்ச் சேரவில்லை என்பதும் ஓர் ஆராய்ச்சிதானே?

இதைக் கேட்ட பிறகுதான், இது நர்ஸிங், டாக்டர் படித்தவர்களுக்கு மட்டுமான துறை இல்லை என்று எனக்கு விளங்கியது. அலையையும் மணலையும் பற்றி என்றால் நிலவியல், கடல்சார் பொறியியல் படித்த பிள்ளைகள், மனிதன் ஏன் எச்சரிக்கையை மதிக்கவில்லை என்றால் உளவியல், சமூகப்பணி படித்தவர்கள், கணக்குக்குப் புள்ளியியல். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெண் எதைப் படிப்பது என்று யோசித்துக்கொண்டு இருக்கலாம். காலாப்பட்டில் நம் பல்கலைக்கழகத்தில் புவி அறிவியல் துறை உண்டு. அதன் அந்தமான் வளாகத்தில் கடலோரப் பேரிடர் மேலாண்மைக்கென்றே துறை வைத்திருக்கிறார்கள். ஜிப்மரில் பொது சுகாதாரத்தில் முதுகலையும், பி.எச்டி.யும் உண்டு. அவர்களுடைய கிராம சுகாதார நிலையம் எங்கள் பக்கத்து ராமநாதபுரத்தில்தான். தடுப்பூசிக்கு நான் நடந்தே போயிருக்கிறேன். சென்னையில் ஐ.ஐ.டி.யில் கடல் பொறியியல் துறை, தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் என்று இருக்கின்றன. இங்கெல்லாம் 'மூழ்குதல் தடுப்பு' என்று பலகை மாட்டி வைத்திருக்க மாட்டார்கள். நாம்தான் ஆராய்ச்சித் தலைப்பை எடுத்துக்கொண்டு போய், வழிகாட்ட ஒரு பேராசிரியரைத் தேட வேண்டும்.

பணம்? என் வீட்டுக்காரர் முதலில் கேட்டதே அதுதான். 'நெட்' பரீட்சையில் தேறி ஜே.ஆர்.எப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் என்று 2023-ல் உயர்த்தினார்கள். "என் சம்பளத்தை விட ஜாஸ்தியா இருக்குதே!" என்று சிரித்தார். கல்யாணம், பிரசவம் என்று படிப்பை விட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. பி.எச்டி. படிக்கும் பெண்ணுக்கு 240 நாள் வரை பிரசவ, குழந்தை பராமரிப்பு விடுப்பும், முடிக்க இரண்டு வருஷம் கூடுதல் அவகாசமும் கொடுக்கலாம் என்று 2022-ல் யு.ஜி.சி. விதி செய்தது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை, 27 முதல் 45 வயதுப் பெண்களுக்கென்றே 'வைஸ் பி.எச்டி.' என்று ஓர் உதவித்தொகை அறிவித்தது. விண்ணப்பிக்கும் முன் அந்த வருஷத்து அறிவிப்பை ஒருமுறை படித்துக் கொள்ளுங்கள். வயதும் தொகையும் மாறக் கூடியவை.

ஜாதகக்காரர்களில் ஒரு வீட்டார், "படிக்கட்டும், நாங்க காத்திருக்கோம்" என்றார்கள். இன்னொரு வீட்டார் அப்புறம் போன் செய்யவே இல்லை. அதுவும் நல்லதுக்குத்தான்.

இதற்குள் வீட்டில் சில காரியங்கள் நடந்து விட்டன. பாத்ரூம் வாளியைக் கவிழ்த்து வைக்கிறோம். தவழும் குழந்தைக்கு ஒரு சாண் தண்ணீர் போதும். தலை கனம் என்பதால் எட்டிப் பார்த்துக் குப்புற விழுந்தால் எழ முடியாது, கத்தவும் முடியாது. மூழ்குகிறவன் கையைத் தட்டிக் கூச்சல் போடுவான் என்பதெல்லாம் சினிமா. சத்தமே வராது என்கிறாள் பெண். தரைத்தொட்டி மூடிக்குப் பூட்டுப் போட்டாயிற்று. கொல்லைக் கதவுக்குக் கீழே ஒரு மூங்கில் தட்டி, என் நாத்தனார் பேரனுக்காக.

காப்பாற்றப் போவதிலும் ஒரு முறை இருக்கிறது. 2022 ஜூன் 5 அன்று நெல்லிக்குப்பம் பக்கத்தில் கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் குளிக்கப் போன 7 பெண்கள் இறந்தார்கள். சிறுமிகளும் இளம்பெண்களும். முழுகியவர்களைப் பிடிக்கப் போனவர்களும் கூடவே போனார்கள். எங்கள் பாகூர் பக்கமே அன்று சோறு இறங்காமல் கிடந்தது. மாறாக 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் நாலு இளைஞர்கள் தத்தளித்தபோது, துவைக்கப் போன மூன்று பெண்கள் தங்கள் புடவைகளை அவிழ்த்து வீசி இரண்டு பேரை இழுத்துப் போட்டார்கள். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. தமிழக அரசு அந்த மூவருக்கும் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. புடவையோ, கயிறோ, மூடி போட்ட காலி பிளாஸ்டிக் குடமோ எதையாவது வீச வேண்டும். நாம் குதிக்கக் கூடாது. வெளியே எடுத்தால் தலைகீழாகச் சுற்றக் கூடாது, வயிற்றை அழுத்தக் கூடாது. மூச்சு இல்லை என்றால் மல்லாக்கக் கிடத்தி, முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, பிறகு மார்பின் நடுவில் அழுத்துவதும் மூச்சு ஊதுவதுமாக மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருக்க வேண்டும். ஒருவர் 108-க்குப் போன் செய்யட்டும். இதைப் படித்தால் வராது. ஒரு தரம் பொம்மையில் செய்து பார்க்க வேண்டும். எங்கள் தெருப் பெண்கள் பன்னிரண்டு பேருக்கு என் பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து காட்டினாள். என் மாமியாரும் வந்து உட்கார்ந்து பார்த்தார்!

அன்று ராத்திரிதான் அது நடந்தது. ஆராய்ச்சிக்கான கேள்வித்தாளைத் தயார் செய்து வைத்திருந்தாள். வீட்டில் இறந்தவரைப் பற்றிச் சொந்தக்காரரிடம் பக்குவமாக விசாரிக்கும் முறை. "உங்கிட்ட ஒரு தரம் கேட்டுப் பாக்கறேம்மா, எதுனா கற்பனையா பதில் சொல்லு" என்றாள்.

இறந்தவர் வயது? நாலு. இடம்? வீட்டுக்குப் பின்னால் குட்டை. வீட்டிலிருந்து எத்தனை தூரம்? முப்பது அடி. அப்போது குழந்தையைப் பார்த்துக்கொண்டது யார்?

"அக்கா" என்றேன்.

"அக்காவுக்கு என்ன வயசு?"

"பதினொண்ணு."

எழுதிக்கொண்டே இருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு காகிதத்தைத் தள்ளி வைத்து விட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து, "இந்தக் கேள்விக்கு எல்லா ஊர்லயும் வர்ற பதில் இதுதாம்மா. பெரிய குழந்தைகிட்ட சின்னக் குழந்தையை விட்டிருந்தாங்கன்னு. அதைத் தப்புன்னு எழுத மாட்டாங்க. பெரியவங்க யாரும் இல்லைன்னு எழுதுவாங்க" என்றாள்.

முப்பத்தைந்து வருஷம். பெரியவர்கள் யாரும் இல்லை. இவ்வளவுதான் எழுதுவார்களாம்.

அடுத்த வாரம் இரண்டு பேருமாகப் பாகூர் பஸ் ஏறினோம். 2024 நவம்பர் கடைசியில் அடித்த ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம், தென்பெண்ணை வெள்ளம் ஏறி இறங்கியதில் குட்டைக்கரை சரிந்து இன்னும் அகலமாகி விட்டது. வேலி ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு இப்போது 74 வயது. பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து, "ஆயா, அன்னிக்கு என்ன நேரம் இருக்கும்?" என்று கேட்டாள். நான் வாசலுக்கு எழுந்து போகப் பார்த்தேன். அம்மா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"பத்தரை இருக்கும். மூணாவது பாத்தியில நாத்து வெச்சுக்கினு இருந்தேன். கூப்பாடு கேட்டுது. இவ குடத்தைப் போட்டுட்டு குட்டையில எறங்கி, கழுத்து மட்டும் தண்ணியில நிக்கறா. நான்தான் இழுத்து வெளிய போட்டேன். இல்லன்னா ரெண்டும் போயிருக்கும்."

நான் இறங்கியது எனக்கு ஞாபகமே இல்லை.

பேத்தி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். அம்மா கொஞ்ச நேரம் கழித்து, இந்தத் தெருவிலேயே இன்னும் மூன்று வீடு இருக்கிறது, வடக்குத் தெருவில் ஒன்று, எல்லாருக்கும் சொல்லி வைக்கிறேன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாங்க என்றாள். அவல் இடித்து வைப்பதாகவும் சொன்னாள்.